குனோங் ராப்பாட் மண்ணும் ஒரு வாளித் தண்ணீரும்

ஈப்போ நகரை ஒட்டி நிற்கும் சுண்ணாம்புமலைகளில் குனோங் ராப்பாட்டும் ஒன்று. கெக் லோக் தோங் குகைக்கோயில் இருப்பது இந்த மலையில்தான். காலையில் நடக்க வருகிறவர்கள், வார இறுதியில் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் என்று ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லாத இடம். உலகத்தில் வேறெங்கும் காணப்படாத ஒரு நத்தை இந்த மலையில் இருக்கிறது. அதன் ஓட்டின் உயரம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். விரலில் ஒட்டினால் மண் என்று நினைத்துத் தட்டிவிடுவோம்.

2008ஆம் ஆண்டு அதை உலகத்துக்கு அறிவித்தவர்கள் நான்கு பேர்: கோபாலசாமி ரூபென் கிளமென்ட்ஸ், லியூ தோர் செங், யாப் யான் வெர்மியூலன், மென்னோ ஸ்கில்ட்ஹைசன். 'பயாலஜி லெட்டர்ஸ்' என்னும் ஆய்விதழில் வந்த சிறிய கட்டுரை அது. நத்தைக்கு அவர்கள் இட்ட பெயர் ஓப்பிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம். மறு ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டில் கண்டறியப்பட்ட புதிய உயிரினங்களில் தலைசிறந்த பத்தின் பட்டியலொன்று வெளியானபோது இந்த ஈப்போ நத்தையும் அதில் இடம்பெற்றது.

அப்படி அதில் என்ன விசேஷம்? நத்தையின் ஓடு அதன் வாய் விளிம்பில்தான் வளர்கிறது. உள்ளே இருக்கும் உயிர் சுண்ணாம்பைச் சுரந்து விளிம்பில் வைத்துக்கொண்டே போகிறது. விளிம்பு ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக வளர்வதால் குழல் வளைகிறது. வளைந்து வளைந்து ஒரே அச்சைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடப் பெரிதாகி, நமக்குத் தெரிந்த சுருள் வடிவம் வருகிறது. சங்கும் அப்படித்தான், வாய்க்கால் ஓரத்து நத்தையும் அப்படித்தான். குனோங் ராப்பாட் நத்தை மட்டும் நான்கு வெவ்வேறு அச்சுகளைச் சுற்றிச் சுருள்கிறது. சுருள் மூன்று முறை தன் பழைய சுற்றைவிட்டு விலகி வெளியே வருகிறது, இரண்டு முறை மறுபடி போய் ஒட்டிக்கொள்கிறது. ஏதோ ஒரு நத்தை நோயுற்றுக் கோணிப்போனது என்று ஒதுக்கிவிட முடியாது. ஓடுகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில்தான் முறுக்கிக்கொள்கின்றன. அதுவரை அறியப்பட்டிருந்த எந்த நத்தையிலும் இத்தனை அச்சுகள் கண்டதில்லை. இந்த முறுக்கு எதற்காக என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

கிந்தாப் பள்ளத்தாக்கின் மலைகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வயது அவற்றுக்கு. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து எஞ்சியதுதான் இன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால் நத்தைகளுக்கு இந்த மலைகள் பெருஞ்செல்வம். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக ஒன்றரை மில்லிமீட்டர் உயிரால் ஆகாது. ஆகவே ஒவ்வொரு மலையும் நிலத்தின் நடுவே ஒரு தீவு. தனித்து விடப்பட்ட நத்தைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தனிவழியில் மாறிப்போயிருக்கின்றன.

இத்தகைய நத்தைகளை ஆய்வாளர்கள் தேடும் முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். மலையடிவாரத்தில், பாறை இடுக்குக்குக் கீழே சேர்ந்திருக்கும் மண்ணை அள்ளுகிறார்கள். வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார்கள். மண் அடியில் தங்கிவிடும். உள்ளே காற்று அடைந்திருக்கும் வெற்று ஓடுகள் மிதக்கும். அவற்றைச் சல்லடையால் வடித்துக் காயவைத்து உருப்பெருக்கியின் கீழ் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் படிப்பும் நுட்பக் கருவியும் வேலைக்கு வருகின்றன. முதல் படியை எந்தத் தமிழ்ப்பள்ளியின் நாலாம் ஆண்டுப் பிள்ளையும் செய்துவிடும்.

பிறகு ஏன் இந்த நால்வர் கண்ணில் மட்டும் பட்டது? ஒரு மனிதரை அறிவியலாளராக்குவது எது என்ற கேள்வியை நான் இந்த மண்ணிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

வழக்கமாக நாம் சொல்லும் விடைகள் இரண்டு. ஒன்று, பிறவியிலேயே மூளை வேண்டும். இன்னொன்று, பெரியவர்களின் வரலாற்றைப் படித்து ஊக்கம் பெற வேண்டும். சர் சி.வி. ராமன் 1921இல் கப்பலில் போனபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு மயங்கினார், அதிலிருந்து ராமன் விளைவு பிறந்தது என்று பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அதில் விட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. ராமன் கப்பலேறும்போதே ஒளியைச் சோதிக்கும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கையோடு வைத்திருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தது அவருக்குத் தெரியும். அந்தப் பட்டகத்தின் வழியே வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. அழகில் மயங்கியவர்கள் அந்தக் கப்பலில் பலர் இருந்திருப்பார்கள். முன்னவர் தந்த விடை சரியா என்று பார்க்கக் கருவியும் துணிவும் இருந்தன இவரிடம்.

எல்லோரையும் வியப்பே இழுத்து வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கும்பகோணத்து மருத்துவர் வீட்டுப் பிள்ளையான எம்.எஸ். சுவாமிநாதன் மருத்துவம் படிக்கவே எண்ணியிருந்தார். 1943இல் வங்காளத்தில் மக்கள் பஞ்சத்தில் மாண்ட செய்தி அவரைக் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குத் திருப்பியது. பசி என்னும் துயரம் ஒருவரைச் செடியின் மரபணுவுக்குக் கொண்டு போயிருக்கிறது.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆடம் மால்டீஸ், ராபர்ட் டாய் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 116 அறிவியலாளர்களையும் முதுநிலை ஆய்வு மாணவர்களையும் உட்காரவைத்து, உங்கள் ஆர்வம் எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் 65 விழுக்காட்டினர், இடைநிலைப் பள்ளிக்குப் போகுமுன்பே என்று பதில் சொன்னார்கள். நம் கணக்கில் அது தொடக்கப்பள்ளி வயது. எஸ்.பி.எம். தேர்வுக்கு அறிவியல் பிரிவு எடுப்பதா என்று குடும்பம் கூடி யோசிக்கும் நேரத்தில், பெரும்பாலும் விஷயம் முடிந்துபோயிருக்கிறது.

ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் பிள்ளைப் பருவத்தை அவர்கள் தேடிப் பார்த்தார்கள். மிகப் பெரும் வருமானமுள்ள ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, நடுமட்டத்துக்குக் கீழே வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் கணக்கில் சமமாக மதிப்பெண் வாங்கியவர்களை ஒப்பிட்டாலும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. ஆக, மூளை மட்டும் காரணமில்லை. எந்த வட்டாரத்தில் எந்தத் துறைக் கண்டுபிடிப்பாளர்கள் வாழ்கிறார்களோ, அங்கே வளர்ந்த பிள்ளைகள் அதே துறையில் கண்டுபிடிப்பாளர்களாகிறார்கள். பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்த வட்டாரத்தில் வளர்ந்த சிறுமிகளும் அந்தத் துறைக்குப் போயிருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் இருந்த இடத்தில் அந்தப் பலன் சிறுமிகளுக்குக் கிட்டவில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் அந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால்தான், அப்படியொரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே பிள்ளைக்குத் தெரிகிறது.

ஈப்போ வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. துயரமான கதை, ஆனால் ஒரு சந்தேகம் எப்படி அறிவியலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. சிலர் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டப்பட்டது. கொசு பரப்பும் நோய் அது. பன்றியின் உடலில் அதன் வைரஸ் பெருகும். சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்தது. ஆகவே புகைமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஆண்டிறுதியில் நெகிரி செம்பிலானின் பண்ணைகளுக்கும் பரவியது.

சில விஷயங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. இங்கேயோ பண்ணைக்குள் போகாத அக்கம்பக்கத்தார் நலமாக இருந்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் நோயுற்றுப் பலத்த ஓசையோடு இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படி இருமுவதில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர் சுவா காவ் பிங், 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் முதுகுத்தண்டு நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் இட்டு வைத்தார். சில நாளில் நுண்ணோக்கியில் பார்த்தபோது உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய கட்டிகளாக மாறியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்வதில்லை. அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்குள்ள மின்னணு நுண்ணோக்கி காட்டியது முற்றிலும் வேறொரு குடும்பத்து வைரஸை. தட்டம்மையும் பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த குடும்பம் அது. கொசுவை விரட்டிக்கொண்டிருந்த நாடு அதன்பிறகுதான் பன்றிகள் பக்கம் திரும்பியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு நோய் அடங்கியபோது, மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். வைரஸுக்கு அந்தக் கிராமத்தின் பெயரே நிலைத்தது: நிப்பா.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. பழந்தின்னி வௌவால்களின் மேல் சந்தேகம் இருந்தது. சுவா காவ் பிங்கும் உடன் இருந்தவர்களும் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, விழும் சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் பொறுக்கினார்கள். சிறுநீரிலும் பாதி தின்ற பழத்திலும் நிப்பா வைரஸ் இருந்ததை 2002இல் அறிவித்தார்கள். ஈப்போ பண்ணையைப் போய்ப் பார்த்தவர்களுக்கு விடை கண்முன்னே நின்றது. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள். வௌவால் கடித்த மாம்பழம் கீழே விழும், பன்றி தின்னும். 'கன்டேஜியன்' என்ற 2011ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சியில் வௌவால் போட்ட துண்டைப் பன்றி தின்பதைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது ஈப்போவின் கதை என்று தெரியும்!

மாமரம் வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரரும் வௌவால் கடித்த பழத்தைப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சியை நோயோடு கோத்துப் பார்த்ததுதான் அறிவியல். இதே வௌவாலை இன்னொருவர் வேறு கேள்வியோடு பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஷீமா அப்துல் அஜீஸ் என்ற மலேசிய ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதே தியோமான் தீவில் டுரியான் மரங்களின் உச்சியில் தானியங்கிப் படக்கருவிகளைக் கட்டி வைத்தார்கள். பூவைக் கெடுக்கிறது என்று தோட்டக்காரர் விரட்டும் பழந்தின்னி வௌவால், உண்மையில் பூவைச் சேதமின்றி நக்கித் தேன் குடித்து மகரந்தத்தைக் கொண்டுபோய், டுரியான் காய்க்க உதவுகிறது என்று 2017இல் காட்டினார்கள். ஒரே விலங்கு, ஒருவர் அச்சத்திலிருந்து தொடங்கினார், மற்றவர் அதன்மேல் விழுந்த பழியிலிருந்து.

ஈப்போவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியன் தே 1937க்குப் பிறகு தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த நகரத்தில் மருத்துவம் பார்த்துக் கழித்தார். 1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் சுமார் 60,000 பேரைக் கொன்றபோது, எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே மூச்சுக்காற்றின் வழியாக அது பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் வலைத்துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை அணியச் செய்தவர் அவர். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி கவசமின்றி நோயாளிகளைப் பார்த்துச் சில நாளில் மாண்டார். கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் அணிந்தது அந்த வழிவந்த கவசத்தைத்தான். இப்படிப்பட்ட ஒருவர் நம் ஊர்த் தெருவில் நடந்தார் என்பதை ஈப்போவின் ஒவ்வொரு பள்ளியிலும் சொல்ல வேண்டும்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகர் ஹியூ லோ அதில் மிகுந்த அக்கறை காட்டினார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. அதிலிருந்து விரிந்த தோட்டங்களில்தான் நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, பீடோர், பாகான் செராய் என்று ஊர்ப்பெயர் எதைச் சொன்னாலும் ஒரு லயத்தின் நினைவு யாருக்காவது வரும்.

பால் மரம் வெட்டியவர்களுக்குச் சில விஷயங்கள் கையில் ஊறியிருந்தன. இருட்டோடு போய் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் குறையும். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். உளி சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், கங்காணி ஏசுவார். மங்கில் விழும் பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். இலை உதிரும் மாதங்களில் பால் இறங்காது. வெட்டுவாயில் காய்ந்த ஒட்டுப்பாலை மறுநாள் உரித்தெடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அதை உரிப்பது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை.

இவை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அரிய அறிவியல் ஒளிந்திருக்கிறது. பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் நேர் செங்குத்தாக இல்லை. அடிமரத்தைச் சுற்றி இலேசாகச் சாய்ந்து வலப்பக்கமாக மேலேறுகின்றன. ஆகவே இடப்பக்கம் உயர்ந்த வெட்டு அதிகமான குழாய்களை அறுக்கிறது. அதே நீளத்தில் எதிர்ச்சாய்வாக வெட்டினால் பால் குறைவு. விடியுமுன் இலைகள் நீரை ஆவியாக்குவதில்லை, மரம் நீரால் புடைத்திருக்கிறது. 1960களில் பட்டரி, போட்மேன் என்ற இருவர் மெல்லிய அழுத்தமானியைப் பட்டைக்குள் செருகி அளந்தபோது, அதிகாலையில் பால்குழாய்களில் பத்து வளிமண்டல அளவையும் தாண்டும் அழுத்தம் இருப்பது தெரிந்தது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டு வளிமண்டல அளவை ஒட்டியே இருக்கும். உளி பட்டதும் பால் துளிர்த்ததற்குக் காரணம் அந்த அழுத்தம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் சரிகிறது.

பால் தானாக நிற்பதன் காரணம் இன்னும் அழகானது. பாலுக்குள் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு எனப்படும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. வெட்டுவாயில் அவை உடைந்து, உள்ளிருக்கும் புரதங்கள் வெளியே வந்து ரப்பர் துகள்களை ஒன்றாகத் திரட்டிக் குழாயின் வாயை அடைக்கின்றன. மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு அது. பின்னாளில் மரத்துக்குத் தடவிய எத்திபான் மருந்து இந்த அடைப்பைத் தாமதப்படுத்தித்தான் பாலைக் கூட்டியது.

வெயில் ஏறினால் ஏன் பால் குறைகிறது என்று தோட்டத்துப் பிள்ளை எதுவும் கேட்டிருக்காதா? நிச்சயம் கேட்டிருக்கும். அந்தக் கேள்விக்கான அளவீடு உலக ஆய்விதழ்களில் வருமுன் அரை நூற்றாண்டுக் காலம் நம் மக்கள் ஒவ்வொரு விடியலிலும் அதன் விளைவைக் கையால் அனுபவித்திருந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. கற்பித்தவர் சில நேரம் கங்காணி, சில நேரம் கிராணி. எழுத்துக் கூட்டவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தார்கள், அதற்கே நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கேள்வியைக் கேட்டு வாங்கி, வா, பார்க்கலாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை, வசதியில்லை. பால் எடுத்த மக்களுக்கும் பாலை ஆராய்ந்த கூடத்துக்கும் நடுவே ஒரு கதவுகூட இருக்கவில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

செம்பனையின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 1981க்கு முன் மலேசியத் தோட்டங்களில் பெண் பூங்குலைகளுக்குக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. அதற்கென்றே ஆட்கள் மரம் மரமாகப் போனார்கள். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அறிஞர்கள் நம்பிய காலம். ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகிக்கு ஒரு சந்தேகம். அங்கே பூக்களை வண்டுகள் மொய்த்திருக்கும், யாரும் உதவாமலே குலை நிறையக் காய்த்திருக்கும். இங்கே ஏன் அப்படியில்லை? அவர் நிறுவனம் அந்தக் கேள்விக்குச் செவி கொடுத்து, ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளரைக் கேமரூனுக்கு அனுப்பியது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டு ஒன்றுதான் உண்மையான மகரந்தச் சேர்க்கையாளர் என்று அவர் நிறுவினார். 1981இல் ஜொகூர், குளுவாங்கில் அது விடப்பட்டது. பிறகு நாடு முழுக்கப் பரவி, கையால் தூவும் வேலையே ஒழிந்தது. டேவிட்சன் விஞ்ஞானி அல்லர்; பார்த்ததை மறக்காத நிர்வாகி. அவர் கேள்விக்கு ஒரு நிறுவனம் செவி கொடுத்தது. அதே சந்தேகம் மகரந்தம் தூவிய ஒரு தொழிலாளிக்கு வந்திருந்தால் அது எங்கே போயிருக்கும்?

அறிவியலாளராகத் தூண்டுவது எது என்று கேட்டால், கேள்வி எல்லோருக்கும் வருகிறது, அதை மதித்துக் கேட்கும் பெரியவர் சிலருக்குத்தான் அமைகிறார் என்பதே என் பதில். செட்டி குழுவின் 12 லட்சம் பெயர்களும் அதைத்தான் சொல்கின்றன, குனோங் ராப்பாட்டின் மண்ணும் அதைத்தான் சொல்கிறது.

இன்று தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனால் நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான் இருக்கின்றன, நூற்று முப்பதுக்கும் மேல். தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைச் சுமந்துகொண்டு பட்டணத்தில் நடக்கும் பள்ளிகள் அவற்றில் உண்டு. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென்றே அறிவியல் விழாக்கள் நடக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டுப் போட்டிகளிலும் பரிசு வாங்கி வருகிறார்கள். மனம் நிறைகிறது. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பல காட்சிகளில் கேள்வி பிள்ளையுடையதாக இல்லை. ஆசிரியரோ பெற்றோரோ இணையத்தில் எடுத்துக் கொடுத்ததாக இருக்கிறது. விடை முன்பே தெரிந்த சோதனையைத் திரும்பச் செய்வது பயிற்சி. பயிற்சி வேண்டியதுதான். ஆனால் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் ஆற்றல் அவன் தானே கண்ட புதிருக்குத்தான் உண்டு.

பெரியவர்களின் கதை சொல்வதிலும் ஒரு மாற்றம் தேவை. நியூயார்க்கில் ஏழை வட்டாரப் பள்ளிகளில் 402 மாணவர்களிடம் சியாவ்டோங் லின்-சீக்லர் குழுவினர் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோர் பட்ட துன்பங்களையும் அடைந்த தோல்விகளையும் படித்த மாணவர்களின் அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது. முதலில் பின்தங்கியிருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நிப்பாவைச் சொல்லும்போது, மாதக்கணக்கில் தவறான நோயை விரட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் கிந்தாவின் மலைகள் உடைக்கப்படுகின்றன. சிம்மோர் அருகே குனோங் கந்தானில் கண்டறிந்த ஒரு நத்தைக்கு, 2014இல் ஆய்வாளர்கள் அங்கே கல்லுடைத்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். அதன் வாழ்வு அந்த நிறுவனத்தின் கையில் இருப்பதை உலகம் அறியட்டும் என்று. ஒரு மலை போனால் அந்த மலையில் மட்டும் வாழும் உயிர்கள் போகும். அவற்றைப் பற்றி ஈப்போப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய கேள்விகளும் போகும்.

பேராக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மலையடிவாரத்தில் கல் விழும் ஆபத்து உண்டு. 1973இல் ஈப்போவின் குனோங் செரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். ஆகவே பாதுகாப்பான இடம் பார்த்து, உரியவரிடம் அனுமதி கேட்டு, பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாறையில் ஊரும் உயிரைத் தொட வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் மண் ஒரு கைப்பிடி போதும். பள்ளியில் வாளித் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை வடித்து, கைக்கண்ணாடியில் பார்க்கவிடுங்கள். பிள்ளைகள் கேட்பதைக் கேட்டபடியே, கேட்டவர் பெயரோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியை மழுப்பிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையில் இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயரைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள்.